மர மதிலுக்குப் புள்ளி இல்லை

அந்த ஆபீஸில் அக்காவுக்கு ஜட்ஜ் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆனால் அது அடையாள அட்டையைத் தாண்டி வெளியே வந்ததில்லை. கறார் என்றால் அப்படி ஒரு கறார். அவள் ஒரு கணக்கைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அங்கே யாரும் வாய் திறப்பதில்லை.

கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், பதினெட்டுப் பேர் சேர்ந்து கம்ப்யூட்டர் விளையாட்டு செய்கிற கம்பெனி அது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற விளையாட்டு இல்லை, உட்கார்ந்து யோசித்து ஆடுகிறது. ஆடுகிறவர் பழங்காலத்து நாகரிகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்: ரோமர்கள், எகிப்தியர்கள், பாரசீகர்கள் என்று பிடித்த யாரையாவது. பிறகு வயல் உழுது, ஊர் கட்டி, படை திரட்டி, எதிரில் இருப்பவரை மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும். ஏழு நாகரிகங்கள் ஏற்கெனவே இருந்தன. எட்டாவதாக வரவிருந்தவர்கள் கவுல்கள். ரோமர்களுக்கு வடக்கே காடும் வயலுமாக வாழ்ந்து, அவர்களுக்குத் தீராத தலைவலியாக இருந்த கூட்டம்.

அந்தக் கவுல்களைச் செய்துகொண்டிருந்தவள் தங்கை. அக்காவின் கூடப்பிறந்த தங்கையேதான்.

அக்காவின் வேலை தராசு பிடிப்பது. ஒரு நாகரிகம் மற்றவற்றை ஏறி மிதிக்கிற அளவு பலமாக இருந்தாலும் தப்பு, எல்லோரிடமும் உதை வாங்குகிற நோஞ்சானாக இருந்தாலும் தப்பு. நூறு ஆட்டத்தில் ஜெயிப்பது நாற்பத்தைந்துக்குக் குறையக் கூடாது, ஐம்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. ஜன்னலோரம் ஐந்து டெஸ்டர்கள் காலையிலிருந்து மாலை வரை ஆடுவார்கள். ஊரில் பாதிப் பேர் இந்த வேலைக்குப் பொறாமைப்படுவார்கள், அவர்களோ மணி ஐந்தாவதற்கு முன் பையை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முக்கால் மணி நேரம். அதற்குள் ஒருவர் வீழ்ந்துவிட்டால் சரி, இல்லாவிட்டால் அந்த நேரத்தில் யாருக்குப் புள்ளி அதிகமோ அவர் ஜெயித்ததாகக் குறித்துக்கொள்வார்கள். வாரக் கடைசியில் அந்தத் தாள் அக்காவின் மேசைக்கு வரும்.

தங்கை வேலைக்குச் சேர்ந்த அன்றே அக்கா நேராகக் கேப்டனிடம் போய் நின்றாள். கம்பெனியை நடத்துகிறவருக்குத்தான் கேப்டன் என்று பெயர். கப்பலைக் கண்ணால்கூடப் பார்க்காத மனிதர். தன் தங்கை செய்கிற எதையும் தான் உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை என்றும், டெஸ்டர்கள் கொடுக்கிற எண்ணை மட்டும் வைத்துத்தான் முடிவு சொல்வேன் என்றும், நாளைக்கு உறவு பார்த்தாள் என்று ஒரு சொல் வரக் கூடாது என்றும் அவரிடம் சொன்னாள். அவர் கேட்காமலேயே சொன்னாள். கேப்டனுக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. ஜட்ஜ் என்ற பெயரே அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்ததுதான்.

சொன்னதைச் செய்கிற ரகம் அக்கா. மூன்று வருஷம் ஒரே வீட்டின் மேலும் கீழுமாகக் குடியிருந்து, ஒரே பஸ்ஸில் போய், ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். பால்காரனைப் பற்றி, தண்ணீர்க் குழாயைப் பற்றி, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போவது என்பதைப் பற்றியெல்லாம் பேசுவார்கள். கவுல்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. ஆபீஸில் தங்கையின் திரையில் ஏதாவது ஓடினால் அக்கா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். தங்கையும் முதலில் சிரித்துப் பார்த்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அந்தத் தாள் வந்தது. கவுல்கள் நூறு ஆட்டம் ஆடி முப்பத்தொன்று ஜெயித்திருந்தார்கள். அதற்கு முந்தைய மாதம் முப்பது, அதற்கும் முன்னால் முப்பத்திரண்டு. தங்கை என்னென்னவோ மாற்றிப் பார்த்தும் எண் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. விளையாட்டு வெளிவர ஆறு வாரம்தான் இருந்தது. கேப்டன் பேனாவை மூடி, "ஜட்ஜ் என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

அக்கா தாளைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. "எடுத்துடலாம் சார். ஏழோட வெளியிடலாம்."

தங்கை தன் நோட்டை மூடிவிட்டு, திங்கட்கிழமை காலை பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னாள். அந்த ஆபீஸில் அது ஒரு வழக்கம். ஒரு நாகரிகம் வேண்டாம் என்றாகிவிட்டால், அதற்காகச் செய்த சாமான்களை மற்றவர்கள் தங்கள் தங்கள் நாகரிகத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். இவருக்கு அந்தக் குதிரை, அவருக்கு இந்த வண்டி என்று அரை மணி நேரத்தில் எல்லாம் காலியாகிவிடும். செய்தவர் பக்கத்தில் நின்று எதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு அரை மணி நேரம்.

அன்றைக்குத் தங்கை பஸ்ஸுக்கு வரவில்லை. தோழி வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவதாக அத்தானுக்குப் போன் செய்து சொல்லியிருந்தாள். அக்காவுக்குச் சொல்லவில்லை.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். லிப்ட் மெக்கானிக். பதினோரு கட்டடங்களில் மேலே போன லிப்ட் கீழே வரவில்லை என்றால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். பதறாத மனிதர். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் வெளியே நின்று வானிலை பேசியே சமாதானப்படுத்திவிடுவார். அக்காவின் வேலைக்காக வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அந்த விளையாட்டு இருந்தது. வேலை இல்லாத நேரங்களில் இவர் உட்கார்ந்து உருட்டுவார். ஓர் ஆட்டத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆடுவார். நடுவில் லிப்ட் நின்றால் ஆட்டமும் நிற்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா வாசலறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மனசு சரியில்லாவிட்டால் மடித்த துணியையே பிரித்து மறுபடி மடிப்பாள். உள்ளேயிருந்து அத்தான், தான் ஜெயித்துவிட்டதாக அறிவித்தார். யாரை வைத்து என்று இவள் ஒப்புக்குக் கேட்டாள். கவுல்களை வைத்து என்றார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டில் ஆளாளுக்கு வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்று முடிவு செய்துவிட்டார்களா என்று எரிந்து விழுந்தாள். அவர் சட்டை செய்யவில்லை. தான் கவுல்களைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் அந்த மீசை என்றும், மைத்துனி வரைந்த மீசை மாதிரி ஒரு மீசையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றும், இது ஐந்தாவது ஆட்டம், அதில் நாலு ஜெயித்தாயிற்று என்றும் சொன்னார். பிறகு, "நீ வேணா வந்து பாரேன்" என்றார்.

இது ஆபீஸ் இல்லை, ஆடினதும் தங்கை இல்லை. அப்படி மனசுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டுதான் அக்கா எழுந்து போனாள்.

ஆட்டம் முடிந்தால் திரையில் ஒரு கணக்கு வரும். ஜெயித்தவர் கவுல்கள், தோற்றவர் ரோமர்கள் என்று மேலே இருந்தது. கீழே புள்ளி: கவுல்கள் முந்நூற்றுப் பத்து, ரோமர்கள் ஆயிரத்து நானூறு. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ரோமாபுரி எரிந்துகொண்டிருந்தது, ஆனால் புள்ளியில் அதுதான் மேலே இருந்தது.

அவள் கணவரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அவர் ஆடிய ஆட்டத்தின் பதிவை முதலிலிருந்து ஓடவிட்டாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கவுல்களின் ஊரைப் பார்த்தாள். வீடு எல்லாம் மரத்தூணும் களிமண்ணும் வைக்கோல் கூரையும். மதில், கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி நடுவில் மண்ணைத் திணித்தது. அதை இடிக்க வந்த ரோம எந்திரம் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்து போனது. ஒரே ராஜா என்று யாரும் இல்லை. ஊருக்கு ஒரு தலைவன், தலைவனுக்கு ஒரு கோபம். முதல் அரை மணி நேரம் ஒருவன் சொன்னதை மற்றவன் கேட்பதில்லை. மாடு கொடுத்து, விருந்து வைத்து, சபை கூட்டித்தான் அவர்களை ஒன்றுசேர்க்க வேண்டியிருந்தது. சேர்ந்துவிட்டாலோ ஒரு தலைவன் விழுந்தால் அடுத்தவன் படையை எடுத்துக்கொண்டான். வேறு எந்த நாகரிகத்திலும் தலைநகர் போனால் எல்லாம் போயிற்று. இங்கே தலைநகரே இல்லை. இரும்புக் கொல்லனின் பட்டறையில் ஒரு ஆள் வளையம் வளையமாகக் கோத்துக் கவசம் பின்னிக்கொண்டிருந்தான், பின்னி முடித்ததும் அதை உயர்த்திப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தான். அதை யாரும் கேட்கவில்லை. தங்கை அதையும் செய்து வைத்திருந்தாள்.

முக்கால் மணி நேரம் ஆனபோது அக்கா ஆட்டத்தை நிறுத்தினாள். வரைபடத்தில் பாதி கவுல்களிடம் இருந்தது. புள்ளி நூற்றைம்பதுதான். டெஸ்டர்கள் இதே இடத்தில் நிறுத்தி, ரோமர்கள் ஜெயித்தார்கள் என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

புள்ளி எப்படிப் போடுவது என்ற விதியை எடுத்துப் பார்த்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. விளையாட்டில் அப்போது இருந்தவர்கள் ரோமர்களும் எகிப்தியர்களும் மட்டும். படைக்கும் வயலுக்கும் கொஞ்சம் புள்ளி, மீதியெல்லாம் கட்டடத்துக்கு, அதில் எவ்வளவு கல் செலவானதோ அதை வைத்து. மரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், வண்டிக்கும் படகுக்கும் எல்லாவற்றுக்கும் மரம் போகிறது, குழப்பமாகிவிடும் என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஐந்து பேரும் கல்லில் கட்டுகிறவர்கள். அதனால் ஆறு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. கவுல்கள் எத்தனை மதில் கட்டினாலும், எத்தனை ஊர் எழுப்பினாலும் சைபர்.

எழுதியவர் பெயர் கீழே இருந்தது. வேறு யார் பெயர்? அவள் பெயர்தான்.

அக்கா தங்கைக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. இன்னொரு தடவை போட்டாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மனசு என்பது பொல்லாதது, அந்த நேரத்திலும் அது வேறொரு கணக்கைப் போட்டது. இது யாருக்கும் தெரியாது. கவுல்களை எடுத்தாயிற்று, பேச்சு முடிந்தது. அந்த விதியில் ஒரு வரியைத் திருத்திவிட்டால் இனி வருகிறவர்களுக்குச் சரியாகிவிடும். வாயைத் திறந்தால் மூன்று வருஷம் கட்டிக் காத்த ஜட்ஜ் என்ற பெயர் ஒரே காலையில் சந்தி சிரித்துவிடும். அதைவிட, இத்தனை நாள் கழித்துத் தங்கைக்காகக் கணக்கை மாற்றுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எந்தச் சொல்லுக்குப் பயந்து மூன்று வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டாளோ, அந்தச் சொல் இப்போது வீடு தேடி வரும்.

அத்தான் தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர், நின்றுபோன லிப்டை விட, நிற்காமல் தப்பான மாடியில் திறக்கிற லிப்டுதான் ஆபத்து, ஏனென்றால் அதை யாரும் புகார் சொல்ல மாட்டார்கள் என்றார். அவருக்கு எதைச் சொன்னாலும் லிப்டில்தான் போய் முடியும். ஆனால் அக்கா தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து, மறுநாள் கட்டிக்கொள்ளப் புடவையை எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே போய்விட்டாள். தங்கை அவளுக்கும் முன்னால் வந்திருந்தாள். பங்கு பிரிப்பு பாதி முடிந்திருந்தது. போர்க் கொம்பு பாரசீகர்களுக்குப் போய்விட்டது, வளையக் கவசம் ரோமர்களுக்கு, மரப் பீப்பாய்கள் எகிப்தியர்களின் படகுகளுக்கு. ஒவ்வொன்றோடும் தங்கை ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தாள்: கொம்பை அடிக்கடி ஊத விடாதீர்கள், பழகிவிட்டால் பயம் போய்விடும். கவசம் பின்னுகிறவனை வெளிச்சம் வரும் பக்கம் உட்கார வையுங்கள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

கேப்டன் தன் அறையிலிருந்து காபியோடு வெளியே வந்தார். அக்கா அவரை உள்ளே கூப்பிட்டுத் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தீர்ப்பை எல்லோர் முன்னாலும் சொன்னவள் அவள்தானே.

"பிரிக்கிறத நிறுத்துங்க. வெள்ளிக்கிழமை நான் சொன்ன கணக்கு தப்பு" என்றாள். "தப்பு டெஸ்டர்ஸ் மேல இல்ல, கவுல்கள் மேலயும் இல்ல. புள்ளி விதிய எழுதினது நான். மரத்துல கட்டினா நான் ஒண்ணுமே குடுக்கல."

பிறகு விதியைத் திரையில் போட்டுக் காட்டினாள், ரோமாபுரி எரிந்த ஆட்டத்தையும் காட்டினாள். அதை ஆடியது யார் என்று ஒரு டெஸ்டர் கேட்டார். லிப்ட் மெக்கானிக் என்றாள். சிரிப்பு ஒன்று கிளம்பி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கியது. பாரசீகர்களைச் செய்கிறவர், கொம்பைப் பங்காக வாங்கியவர், இதெல்லாம் தங்கச்சிக்காகவா என்று பட்டும் படாமல் கேட்டார். அந்தச் சொல் கடைசியில் வந்தேவிட்டது. அக்கா அதை எதிர்பார்த்து மூன்று வருஷம் நடுங்கியிருக்கிறாள், வந்தபோது பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. தரை பிளக்கவில்லை. "விதிய நீங்களே படிச்சுப் பாருங்க" என்றாள். அவர் நிஜமாகவே வந்து உட்கார்ந்து படித்தார். படித்து முடித்து, கொம்பைத் தங்கையின் மேசையில் கொண்டுபோய் வைத்துவிடுவதாகச் சொல்லி எழுந்தார். கம்ப்யூட்டரில் இருக்கிற கொம்பை எப்படிக் கொண்டுபோய் வைப்பது என்று யாரோ கேட்க, அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

கேப்டன் சிரிக்கவில்லை. மற்ற ஏழு பேரின் எண்ணும் இதனால் கெட்டிருக்கிறதா என்று கேட்டார். எல்லோரும் கல்லில் கட்டுகிறவர்கள், அவர்களுக்குள் வித்தியாசம் வராது என்றாள் அக்கா. அவர் தலையாட்டிவிட்டு, நேரக் கெடுவே இல்லாமல், விழுகிறவர் விழும்வரை இருபத்துநாலு ஆட்டம் ஆடிப் பார்க்கச் சொன்னார். புதன்கிழமைக்குள் எண் வந்தாக வேண்டும். ஜட்ஜ் என்று கூப்பிடவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்குப் பிறகும் கூப்பிடவில்லை.

தங்கை அதற்குள் எழுந்துவிட்டிருந்தாள். கொடுத்த சாமான்களை ஒவ்வொரு மேசையாகப் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தாள். மத்தியானம் மாடிப்படியில் அக்கா அவளைப் பிடித்து நிறுத்தினாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்தவள், விதியைப் பற்றியும் ஆறு வருஷத்துக்கு முந்தைய அவசரத்தைப் பற்றியும் என்னவோ சொல்லிக்கொண்டே போனாள்.

தங்கை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "எண்ணு தப்பாப் போனதுக்கு எனக்கு வருத்தம் இல்லக்கா. எல்லாருக்கும் தப்பு வரும். மூணு வருஷத்துல ஒரே ஒரு நாள் நீ திரும்பிப் பாத்திருந்தா அது உன் கண்ணுலதான் மொதல்ல பட்டிருக்கும்."

"சொந்தம்னு பேசிடுவாங்கன்னு..."

"சொந்தம்தானே."

சொல்லிவிட்டு அவள் மேலே ஏறிப் போய்விட்டாள். அக்கா படியிலேயே நின்றாள். நேர்மை என்று நினைத்து மூன்று வருஷம் செய்தது, பக்கத்தில் இருந்தவளுக்கு என்னவாக இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழுகை வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் பார்க்கிறாரே என்று துடைத்துக்கொண்டு மேலே போனாள்.

டெஸ்டர்கள் இரண்டரை நாள் ஆடினார்கள். ஐந்து மணிக்குப் பையை மாட்டுகிறவர்கள், தலைவர்கள் ஒன்றுசேர்கிற கட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று ஆறு வரை இருந்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் எண் வந்தது. இருபத்துநாலில் கவுல்கள் பதினாலு ஜெயித்திருந்தார்கள். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.

கவுல்கள் உள்ளே என்று கேப்டன் சொல்லிவிட்டார். ஆனால் ஐம்பத்தெட்டு அதிகம். ஐம்பத்தைந்துக்கு மேல் ஒருவருக்கும் சலுகை இல்லை, எதையாவது ஒன்றைக் குறைத்தாக வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். மூன்று வருஷம் நோஞ்சான் என்று ஒதுக்கப்பட்டவர்களைப் பிடித்து இப்போது இளைக்க வைக்க வேண்டியிருந்தது. அதைச் செய்ய வேண்டியவள் அக்காதான். வேறு ஆளைப் போடுங்கள் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். கேப்டன் ஒப்புக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை காலை அக்கா தாளும் பேனாவுமாகத் தங்கையின் மேசைக்குப் போனாள். அந்த மேசைக்கு அவள் வருவது அதுதான் முதல் தடவை. மதிலையா, தலைவர்கள் சேருகிற வேகத்தையா, கவசத்தையா, எதைத் தொட்டால் மனசுக்குக் கஷ்டமாக இருக்காது என்று மெதுவாகக் கேட்டாள்.

தங்கை பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துத் தன் நாற்காலியோடு ஒட்டிப் போட்டாள்.

"எத வேணும்னாலும் கொறக்கா" என்றாள். "பாத்துட்டுக் கொற."

அக்கா உட்கார்ந்தாள். தங்கை ஆட்டத்தை முதலிலிருந்து போட்டாள்.